மூன்றாம் மாடியிலிருந்து பஸ் ஸ்டாப் வரை

அந்த அட்டையை மிதித்தது நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஊரைச் சுற்றி வந்து, கடைசியில் பழியை ஜெகதீஸ்வரியின் தலையில் கட்டிவிட்டு நான் நல்லவளாக நிற்க எனக்கு இஷ்டமில்லை.

என் பேர் நூர் பீவி. ஜெலுத்தோங் பாசாரில் தேங்காய் துருவி விற்கிறேன். விடியற்காலை நாலரைக்குக் கடை திறந்தால் முதல் ஆளாக நாசி லெமா என்கிற தேங்காய்ப்பால் சோறு போடுகிற மலாய்க்கார அக்கா வந்து நிற்பாள். ஓட்டை உடைத்து, கறுப்புத் தோலைச் சீவி, மெஷினில் கொடுத்து, பால் பிழிந்து என்று மத்தியானத்துக்குள் இருநூறு முந்நூறு காய் இந்தக் கையில் புரண்டுவிடும். காதருகே வைத்து ஒரு ஆட்டு ஆட்டினால் போதும். முற்றலா, அழுகலா, தண்ணீர் வற்றியதா என்று சொல்லிவிடுவேன். முப்பது வருஷத்தில் என் கணிப்பு தப்பியதில்லை என்று பீற்றிக்கொண்டு திரிந்தவள் நான். பக்கத்து வீட்டுப் பிள்ளை விஷயத்தில் தப்பிவிட்டது.

எங்கள் ஃபிளாட்டில் லிஃப்ட் கிடையாது. மூன்றாம் மாடியில் வரிசையாக வீடுகள், முன்னால் நீள வராந்தா. கடைசி வீடு சந்திரசேகரன், ஜெகதீஸ்வரி வீடு. அடுத்தது என் வீடு. அதற்கடுத்து ஆ ஹோக் வீடு, வாசலில் சிவப்புச் சாமி மாடமும் மூன்று வேளை ஊதுபத்தியுமாக. அதைத் தாண்டினால் படிக்கட்டு.

சந்திரசேகரன் பதினேழு வருஷம் ஃபேக்டரி பஸ் ஓட்டியவர். ஜெலுத்தோங்கில் ஆளை ஏற்றிக்கொண்டு பாயான் லெப்பாஸ் போய் இறக்கிவிட்டு வருவார். அந்த பஸ்ஸில் தினமும் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து தூங்கிக்கொண்டு போன பெண்தான் ஜெகதீஸ்வரி. "பஸ்ஸுல ஏறுனவ அப்படியே வீட்டுலயும் ஏறிட்டா" என்று நாங்கள் கேலி பண்ணுவோம். அவரும் சிரிப்பார். வாட்டசாட்டமான மனுஷர். இனிப்பு நீர் நோய் வந்து முதலில் ஒரு கண்ணை வாங்கிக்கொண்டது. மற்றது போன பிப்ரவரியில் போனது. வெளிச்சம், இருட்டு என்பது மட்டும் தெரியும்.

கண் போன பிறகு இரண்டு தரம் படிக்கட்டில் விழுந்தார். இரண்டாவது தரம் ஆ ஹோக்கும் அவன் மகனும் தூக்கிவந்து விட்டார்கள். அதோடு சரி. எட்டு மாசம் வீட்டு வாசலைத் தாண்டி, ஆஸ்பத்திரிக்குப் போவதைத் தவிர, அவர் வரவில்லை. கையைப் பிடித்துக் கூட்டிப்போகிறோம் என்றாலும் மாட்டார். வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருப்பார். கீழே ரோட்டில் பஸ் போகிற சத்தத்தை வைத்தே, "இது ஆறே முக்கால் பஸ், கிளட்ச் தேஞ்சு போச்சு, சொன்னா கேக்க மாட்டேங்கறான்" என்பார்.

ஒரு நாள் நான் கோப்பி ஓ கோசோங் கலக்கிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். சீனி இல்லாத கறுப்புக் காப்பி. ஒரு மிடறு குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

"விஷம் மாதிரி இருக்குக்கா."

"உனக்கு இதுதான்லா. குடி."

கொஞ்ச நேரம் கழித்து, "பீவிக்கா, அவ பன்னெண்டு மணி நேரம் வேலை செஞ்சிட்டு வர்றா. எனக்கும் சேத்து அவதான் சம்பாரிக்கணும். கீழ பஸ் ஸ்டாப்ல போய் நின்னு, அவ இறங்கறப்போ அந்தப் பையையாவது நான் வாங்கலாம்ல? அதுகூட முடியலியே" என்றார்.

"யாரையாவது கூட்டிக்கிட்டுப் போயேன்."

"யாரு கையயாவது புடிச்சிக்கிட்டுப் போய் நிக்கறதுக்கு வீட்டுலயே இருக்கலாம்கா."

அந்த ஆசை அவருக்கு இருந்தது எனக்குத் தெரியும். தெரிந்தும் அன்றைக்கு அது என் புத்தியில் வரவில்லையே என்றுதான் இன்றுவரை வேகிறேன்.

அவர்களுக்கு ஒரே மகள், அதிரா. பத்து வயசு, தமிழ்ப்பள்ளியில் நாலாம் ஆண்டு. பேச்சு குறைச்சல். ஒன்று கேட்டால் பதில் வருவதற்குள் கேட்டவர் போய்ச் சேர்ந்திருப்பார். ஆனால் கை சும்மா இருக்காது. என் கடையிலிருந்து காலி அட்டைப்பெட்டிகளைக் கேட்டு வாங்கிப்போவாள். "எதுக்குடி இந்தக் கோத்தாப் பெட்டியெல்லாம்?" என்றால் சிரிப்பாள், அவ்வளவுதான்.

எழுத்து மட்டும் அவளிடம் ஒட்டவே இல்லை. க என்றால் சு என்பாள். நேற்றுப் படித்தது இன்றைக்கு இருக்காது. எழுத்துகள் அசைகின்றன என்று ஒரு தரம் என்னிடம் சொன்னாள். நான் அவள் அம்மாவிடம் கண் டாக்டரிடம் காட்டச் சொன்னேன். காட்டினார்கள், கண்ணில் ஒன்றுமில்லை.

ஜெகதீஸ்வரி என்ன செய்தாள் என்றால், பிள்ளையின் வீட்டுப்பாடத்தைத் தானே எழுதத் தொடங்கினாள். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, இரண்டு வருஷம். வேலை முடிந்து வந்து, குளித்து, சோறு பொங்கி, ரசம் வைத்து, புருஷனுக்கு ஊசி போட்டுவிட்டு, அடுப்படி மேசையில் உட்கார்ந்து இடது கையால் எழுதுவாள். வலது கையால் எழுதினால் பெரியவர் எழுத்து மாதிரி அழகாக வந்துவிடுமாம். ஒரு தரம் உப்பு வாங்கப் போனபோது நானே பார்த்தேன்.

"ஏன்லா இப்படிச் செய்யற?" என்றேன்.

"தெரிஞ்சா ஸ்பெஷல் கிளாஸ்ல போட்டுருவாங்கக்கா. நாலாவது மாடி முனுசாமி மகன அங்க போட்டாங்களே, இந்தப் பசங்க அவன என்ன பேர் சொல்லிக் கூப்புடறானுங்கன்னு உங்களுக்கே தெரியும்ல. எம் பிள்ளைய அப்படி யாரும் கூப்புடக்கூடாது. கொஞ்ச நாள்ல தானா வந்துரும்."

தானாக வரவில்லை. இடது கை எழுத்துதான் நன்றாக வந்தது. பாசத்தில் செய்கிற தப்பை யார் கண்டிப்பது? நானும் உப்பை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

தீபாவளிக்கு ஒரு வாரம் இருக்கும். ஐப்பசி மழை, தினமும் மூன்று மணிக்குக் கறுத்து, நாலுக்குக் கொட்டி, ஐந்துக்கு ஓயும். முறுக்குக்குத் தேங்காய்ப்பால் கேட்டு ஆள் மேல் ஆள் வந்ததில் என் முழங்கை இற்றுப்போயிருந்தது. இரண்டு மணிக்கு வீட்டுக்கு வந்து, வீட்டில் சேர்ந்திருந்த தேங்காய் மட்டையையும் நாரையும் சாக்கில் கட்டிக் கீழே கொண்டுபோய்ப் போடலாம் என்று வெளியே வந்தேன். பக்கத்து வீட்டில் சத்தம்.

அந்த நேரத்தில் ஜெகதீஸ்வரி வீட்டில் இருப்பவளே இல்லை. அன்றைக்குப் பள்ளியில் ஷர்மினி டீச்சர் கூப்பிட்டனுப்பியிருந்தார். அரை நாள் லீவு போட்டுவிட்டு, ஃபேக்டரி சட்டையோடேயே பள்ளிக்குப் போய், பிள்ளையையும் கையோடு கூட்டிக்கொண்டு வந்திருக்கிறாள். சந்திரசேகரனுக்கு அன்று ஆஸ்பத்திரித் தவணை. கூட பஸ் ஓட்டிய பஷீர் காலையிலேயே தன் கெரேத்தா காரில் கூட்டிப்போயிருந்தான்.

"பீவிக்கா, இங்க வாங்க! வந்து இந்தக் கூத்தப் பாருங்க!"

போய்ப் பார்த்தேன். கூடம் முழுக்க அட்டை. ஒரு பெரிய பலகை மேல் சின்னதும் பெரிசுமாய் ஒட்டி, மடித்து, அடுக்கி, ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நீளமாக என்னவோ கிடந்தது. பக்கத்தில் கத்தரிக்கோல், கம் போத்தல். ஜெகதீஸ்வரியின் கையில் ஒரு காலி உறை. லிட்டில் இந்தியாவில் கடை கடையாக ஏறித் தேடி அவள் வாங்கிவந்த தமிழ் எழுத்து அட்டைகளின் உறை அது.

"எழுத்து அட்டை எல்லாத்தையும் வெட்டிட்டாக்கா! ஒண்ணு விடாம! ஒக்காந்து படிடின்னு வாங்கிக் குடுத்தா, வெட்டி, மடிச்சி, ஒட்டி வெளயாடியிருக்கா!"

"டீச்சர் என்னா சொன்னாங்க?"

அவள் நாற்காலியில் விழுந்தாள். "வீட்டுப்பாடமெல்லாம் முத்து முத்தா இருக்கு, போர்டுல எழுதச் சொன்னா கல்லு மாதிரி நிக்குது, யாரும்மா எழுதறதுன்னு கேட்டாங்க. எல்லாப் பிள்ளைங்க முன்னாலயும் இல்ல, தனியாத்தான் கேட்டாங்க. நல்லவங்கதான். ஆனா கேட்டுட்டாங்கல்ல?"

"சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன். அழுதுகிட்டே சொன்னேன். ஆஸ்பத்திரில டெஸ்ட் பண்ணணுமாம், அப்புறம் வேற வகுப்புல போடலாமாம். 'மக்கு இல்லம்மா, இவளுக்கு வேற மாதிரி சொல்லிக் குடுக்கணும், வீட்டுல இவ என்னா செய்யறான்னு கவனிச்சிப் பாருங்க'ன்னாங்க. கவனிச்சிப் பாக்க வந்தா இந்த லட்சணம்! நான் ஃபேக்டரில நாள் பூரா மைக்ராஸ்கோப்புல கண்ண வச்சி எது நல்லது, எது ரிஜெக்ட்டுன்னு பிரிக்கறவக்கா. ஒரு பார்வ போதும் எனக்கு. இன்னிக்கி எம் பிள்ளைய ஒருத்தவங்க பிரிக்கறாங்க, நான் பாத்துக்கிட்டு ஒக்காந்திருக்கேன்."

அதிரா பள்ளி உடுப்போடு அந்த அட்டைகளுக்கு முன்னால் முட்டி போட்டு உட்கார்ந்திருந்தாள். இரண்டு கையையும் விரித்து அதன்மேல் கவிழ்ந்தாற்போல் இருந்தாள்.

"என்னடி இது? எதுக்கு வெட்டுன? வாயத் திறந்து சொல்லு!"

பிள்ளை வாயைத் திறந்தாள். அம்மாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.  பிறகு மூடிக்கொண்டாள்.

"சொல்லுடி!"

"வேணாம்மா."

"என்னா வேணாம்?"

"வேணாம்மா... எடுக்க வேணாம்."

ஜெகதீஸ்வரிக்கு வந்த ஆத்திரத்தில் பிள்ளையை ஒரு கையால் இழுத்து நிறுத்தினாள். இந்த இடத்தில் ஒரு பெரிய மனுஷி என்ன செய்திருக்க வேண்டும்? கொஞ்சம் பொறு, அவள் அப்பா வரட்டும் என்று சொல்லியிருக்க வேண்டும். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று ஊருக்கெல்லாம் சொல்கிற இந்த நூர் பீவி என்ன சொன்னாள் தெரியுமா?

"இந்தக் குப்பைக்கா இவ்ளோ சண்ட? குடுலா, நான் கீழதான் போறேன். டோங் சம்பாத் தொட்டில போட்டுர்றேன்."

நானே குனிந்து அள்ளினேன். பலகையிலிருந்து பிய்த்துச் சாக்கில் திணித்தேன். பிள்ளை கத்தவில்லை. கத்தியிருந்தாலாவது நான் நின்றிருப்பேன். வராந்தா சுவரைப் பிடித்துக்கொண்டு, நான் படி இறங்குவதையும் கீழே நடப்பதையும் பார்த்துக்கொண்டே நின்றாள்.

கீழே குப்பைத்தொட்டி நிரம்பி வழிந்தது. சாக்கைக் கவிழ்த்தால் அட்டை எல்லாம் வெளியே துருத்திக்கொண்டு நின்றது. தரையில் போட்டு மிதித்து மட்டமாக்கித் திணித்தேன். மிதிக்கும்போது ஒரு துண்டு கண்ணில் பட்டது. நெருப்புப்பெட்டி அளவு ஒரு கதவு, அதன் முன்னால் ஒரு பிடி தேங்காய் நார் ஒட்டியிருந்தது. அதற்கடுத்த கதவின் முன்னால் எரிந்து தீர்ந்த ஊதுபத்திக் குச்சி மூன்று. 'அட, என் வாசல் மிதியடியிலிருந்து நார் பிய்த்திருக்கிறாள், கள்ளி' என்று நினைத்துக்கொண்டு அதையும் மிதித்தேன். நாலு மணிக்குக் குப்பை லாரி வந்து போன சத்தம் கேட்டது. அப்புறம் மழை.

ஐந்தரைக்கு பஷீர் சந்திரசேகரனைத் தாங்கிக் கூட்டிவந்து விட்டுவிட்டுப் போனான். நான் பால் கொஞ்சம் எடுத்துக்கொண்டு, சண்டை ஆறியிருக்கிறதா என்று பார்க்கப் போயிருந்தேன். ஜெகதீஸ்வரி அடுப்படியில் நெத்திலி வறுத்துக்கொண்டிருந்தாள். அதிரா மூலையில் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். புத்தகம் தலைகீழாக இருந்ததா நேராக இருந்ததா என்று நான் பார்க்கவில்லை.

சந்திரசேகரன் நேராகக் கூடத்தின் நடுவில் தரையில் உட்கார்ந்தார். கையை நீட்டித் தரையைத் தடவினார். இந்தப் பக்கம், அந்தப் பக்கம்.

"அதி, எங்கடா வச்ச? கட்டிலுக்குக் கீழயா?"

பிள்ளை புத்தகத்துக்குள் இன்னும் குனிந்துகொண்டாள்.

"என்னத்தத் தேடறீங்க?" என்று ஜெகதீஸ்வரி அடுப்படியிலிருந்து கேட்டாள்.

அவர் திடுக்கிட்டார். பிறகு வாய்விட்டுச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து எட்டு மாசம் ஆகியிருக்கும்.

"அடடே, நீ வந்துட்டியா, அடுப்படியில பீவிக்கான்னுல்ல நெனச்சேன்? சீக்கிரம் விட்டுட்டானுங்களா? சரி அதி, மாட்டிக்கிட்டோம்டா. அம்மாகிட்ட சொல்லிரலாமா?"

"என்னா சொல்றீங்க?"

"வா, இங்க வந்து ஒக்காரு. பீவிக்கா வாசம் அடிக்குது, அக்கா நீங்களும் வாங்க. நாலு மாசமா நானும் எம் மகளும் ஒரு வேல பாக்கறோம். அன்னிக்கி அடுப்படிக் கதவுல மண்டைய இடிச்சிக்கிட்டேன்ல, அதுக்கு மறுநாள் இவ ஒரு அட்டையில நம்ம வீட்டச் செஞ்சி எங்கிட்ட குடுத்தா. என் விரலப் புடிச்சி, 'இது கதவுப்பா, இது கட்டிலு, இங்க நீங்க இருக்கீங்க'ன்னா. தடவிப் பாக்கறேன் ஜெகா, நம்ம வீடு! கண்ணுல பாத்த மாதிரி! அதுக்கப்புறம் நான் எங்கயாச்சும் இடிச்சி நீ பாத்திருக்கியா?"

ஜெகதீஸ்வரி கரண்டியோடு நின்றாள்.

"அப்புறம் நான்தான் கேட்டேன், வெளிய செய்வியாடான்னு. வராந்தா செஞ்சா. பீவிக்கா வீட்டுக்குத் தேங்கா நாரு, காலுல மிதியடி படும்ல, அதுக்கு. ஆ ஹோக் வீட்டுக்கு ஊதுபத்திக் குச்சி. அப்புறம் தாங்காப் படிக்கட்டு. மூணு மாடிக்கும். எட்டுப் படி, திரும்பி எட்டுப் படி. எங்க படி ஒடஞ்சிருக்கோ அங்க ஓரத்துல கிழிச்சி வச்சிருக்கா. கைப்புடிக்கு ரப்பர் பேண்டு. கீழ மோட்டார் சைக்கிள் நிக்கற எடம், லோங்காங் சாக்கட. லோங்காங் மேல அந்த சிமெண்டு மூடி ஆடும்ல? அதுக்கு ஒரு போத்தல் மூடி வச்சிருக்கா. அதுவும் ஆடுது ஜெகா! பதினேழு வருஷம் ரோட்டுல வண்டி ஓட்டுனவன் சொல்றேன், அளவு ஒரு எடத்துலகூட தப்பல. எழுதத் தெரியாது, எண்ணத் தெரியாதுங்கறீங்க. ஒரு ஸ்கேல் கெடையாது. எல்லாம் இவ தலைக்குள்ள இருக்கு."

 நெத்திலி கருகுகிற வாசனை வந்தது.

"தீபாவளி லீவுக்கு நீ கடைசியா வேல முடிச்சி வர்ற அன்னிக்கி, பஸ்ஸ விட்டு இறங்கறப்போ நான் அங்க நிக்கணும். யாரு கையயும் புடிக்காம. அதான் ஏற்பாடு. அதுக்குத்தான் யார்கிட்டயும் சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கி வச்சிருந்தேன். இன்னிக்கிக் காலையிலதான் கடைசித் துண்ட ஒட்டுனா, லோங்காங்கிலருந்து மரத்தச் சுத்தி பஸ் ஸ்டாப் வரைக்கும். ஒரே ஒரு தடவதான் தடவிப் பாத்தேன், அதுக்குள்ள அவ வேன் வந்துருச்சி. இன்னும் ஒரு வாரம் இருக்கு, போதும். அதி, எடுத்துட்டு வாடா, அம்மா பாக்கட்டும்."

"அப்பா," என்றாள் அதிரா. 

ஜெகதீஸ்வரி கரண்டியைப் போட்டுவிட்டு ஓடினாள். செருப்புகூட இல்லை. நானும் பின்னால் இறங்கினேன். படிக்கட்டில் என்னை அறியாமல் எண்ணினேன். எட்டு. திரும்பி எட்டு. இருபது வருஷமாக ஏறி இறங்குகிறேன், அன்றைக்குத்தான் எண்ணினேன்.

தொட்டி காலி. மழையில் கழுவிவிட்டாற்போல் இருந்தது. அவள் அதற்குள் குனிந்து கையைவிட்டுத் துழாவினாள். "லாரி போயிருச்சிலா, எந்திரி" என்று நான் இழுத்தேன். என் கையைத் தட்டிவிட்டாள். பிறகு தொட்டியைப் பிடித்துக்கொண்டு அங்கேயே ஈரத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

"நான் பாக்கவே இல்லயேக்கா. ஒரு பார்வகூடப் பாக்கலயே."

"நான்தான்டி தூக்கிட்டு வந்தேன். நான்தான் மிதிச்சேன்."

"நான் பெத்தவக்கா. அவ வேணாம்மா வேணாம்மான்னா. அவங்க அப்பாவுக்குக் குடுத்த வாக்குக்காக வாயத் தொறக்கல. அவள மக்குன்னு நெனச்சி நானே ரிஜெக்ட்டுல தள்ளிட்டேன்."

அல்லாவே, நான் அவளுக்கு என்ன ஆறுதல் சொல்ல? நானும் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன். மேலே மூன்றாம் மாடிச் சுவருக்குமேல் அந்தப் பிள்ளையின் தலை தெரிந்தது.

மறுநாள் என் சாக்கை உதறியபோது அடியில் ஒரே ஒரு துண்டு கிடைத்தது. எழுத்து அட்டையை மடித்துச் செய்த எட்டுப் படி. நசுங்கியிருந்தது. அதை எடுத்துக்கொண்டு நானும் ஜெகதீஸ்வரியும் பள்ளிக்குப் போனோம். ஷர்மினி டீச்சர் சின்னப் பெண்தான், இருபத்தேழு இருக்கும். அதைக் கையில் வாங்கி, மடிப்புகளை மெல்ல நிமிர்த்தி, ஸ்கேல் வைத்து அளந்தார். எட்டுப் படியும் ஒரே உயரம். 

"நான் சொல்ல வேண்டிய மாதிரி சொல்லலம்மா," என்றார். "டெஸ்ட்டு, வேற வகுப்புன்னு மொதல்ல சொல்லிட்டேன். இத மொதல்ல கேட்டிருக்கணும். ஓவியப் பாடத்துல பள்ளிக்கூடத்த வரையச் சொன்னப்போ ஒரு ஜன்னல் விடாம வரைஞ்சிருந்தா. அப்பவே உங்களக் கூப்பிட்டிருக்கணும்."

"இப்ப என்னா செய்யறது டீச்சர்?"

"டெஸ்ட்டுக்குப் போறப்போ அவ செஞ்சது ஏதாவது கொண்டு போங்க. திரும்பச் செய்யச் சொல்லுங்க. அவளால முடியும்."

முடியும்தான். நான் கடையிலிருந்து நல்ல கெட்டி அட்டையாகப் பொறுக்கி, ஆரஞ்சுப் பழம் வந்த பெட்டி, முட்டைத் தட்டு எல்லாம் கொண்டுபோய்க் குவித்தேன். ஜெகதீஸ்வரி புதுக் கத்தரிக்கோல், கம், கலர் தாள் வாங்கிவந்தாள். பிள்ளையின் காலடியில் உட்கார்ந்துவிட்டாள்.

"செய்யி கண்ணு. அம்மா ஒண்ணும் சொல்ல மாட்டேன். அம்மாவும் ஒட்டறேன். அப்பாவுக்கு வேணும்ல?"

அதிரா அந்தக் கத்தரிக்கோலை எடுத்தாள். எடுத்து, அம்மாவின் பக்கமாகத் தள்ளிவைத்தாள்.

"எனக்குத் தெரியாதும்மா."

"தெரியும்டா. நீ செஞ்சதுதானே?"

"நான் படிக்கிறேம்மா. இனிமே வெட்ட மாட்டேன்."

சொன்னபடியே படித்தாள். முறுக்கு சுடும்போதும் பக்கத்தில் உட்கார்ந்து நோட்டில் எழுதிக்கொண்டே இருந்தாள். க, க, க என்று பக்கம் பக்கமாக. விரல் சிவந்துபோகும். அம்மா நோட்டைப் பிடுங்கினால் அழுவாள். முன்பெல்லாம் முறுக்குப் பிழிகிற அச்சைக் கண்டால் கழற்றிப் பார்க்காமல் விடமாட்டாள். இப்போது அச்சைக் கழுவிவிட்டு வா என்றால்கூட நுனிவிரலால் தொட்டாள். சந்திரசேகரன் ஒரு வார்த்தை பெண்டாட்டியைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும். "விடு ஜெகா, நான்தான் சத்தியம் வாங்கினேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்து விரல்களைத் தொடைமேல் நகர்த்திக்கொண்டிருந்தார். மனப்பாடம் பண்ணுகிறார் என்று பிறகுதான் தெரிந்தது.

தீபாவளிக்கு முந்தின நாள் சாயங்காலம் மழை விட்டிருந்தது. பிள்ளைகள் கீழே மத்தாப்பு கொளுத்திக்கொண்டிருந்தார்கள். ஏழேகால் மணி. நான் வாசலில் நின்றிருந்தேன். அதிரா நோட்டும் கையுமாக வராந்தாவில் இருந்தாள். சந்திரசேகரன் வெளியே வந்தார். தீபாவளிக்கு எடுத்த புதுச்சட்டையை ஒரு நாள் முன்னாலேயே போட்டிருந்தார்.

"எங்கலா?"

"கீழக்கா."

"இரு, நானும் வர்றேன்."

"யாரும் வேணாம். எனக்குத் தெரியும்."

சுவரைத் தொட்டுக்கொண்டு நடந்தார். என் மிதியடி காலில் பட்டதும், "தேங்கா நாரு" என்று தனக்குள் சொன்னார். ஆ ஹோக் வீட்டு ஊதுபத்திப் புகையைத் தாண்டினார். கைப்பிடியைப் பிடித்தார். நான் சுவரோரம் போய்க் கீழே எட்டிப் பார்த்துக்கொண்டு, மூச்சுவிடாமல் அவர் செருப்புச் சத்தத்தை எண்ணினேன். எட்டு. திரும்பி எட்டு. உடைந்த படியில் சத்தம் நின்று, பிறகு தாண்டியது. அப்புறம் கீழ்மாடி. மோட்டார்களுக்கு நடுவே ஒன்றின்மேலும் இடிக்காமல் வெளியே வந்தார். லோங்காங் மூடி ஒரு ஆட்டம் ஆடியது. அவரும் ஆடி நின்றார். கடந்துவிட்டார்.

கடந்து இரண்டு எட்டு வைத்தார். மரத்தடியில் நின்றுவிட்டார்.

அங்கிருந்து பஸ் ஸ்டாப் இருபது அடிகூட இருக்காது. வேர் கிளம்பித் தார்த்தரையைப் பிளந்து கிடக்கும், அதைச் சுற்றிப் போக வேண்டும். அந்தத் துண்டைத்தான் அவர் ஒரே தடவை தடவிப் பார்த்தார். கையைக் காற்றில் நீட்டினார். வலப்பக்கம் ஒரு அடி, வேரில் கால் தட்டியது. திரும்ப வந்தார். அண்ணாந்து மூன்றாம் மாடியைப் பார்த்துக் கூப்பிட்டார்.

"அதி! அடுத்து எந்தப் பக்கம்டா?"

பிள்ளை நோட்டை மார்போடு அணைத்துக்கொண்டு சுவரோரம் நின்றாள். அப்பாவைப் பார்த்தாள். ரோட்டு முனையில் ஃபேக்டரி பஸ்ஸின் விளக்கு திரும்பியது.

"தெரியலப்பா," என்றாள்.

நான் அவள் கையைப் பார்த்தேன். வராந்தாச் சுவரின் மேல் அவளுடைய சுட்டுவிரல் நகர்ந்துகொண்டிருந்தது. நேராகக் கொஞ்சம், இடது பக்கம் வளைந்து ஒரு அரைச் சுற்று, மறுபடி நேராக. நின்றது. மரத்தைச் சுற்றிப் போனால் பஸ் வந்து நிற்கிற இடமும் அதுதான்.

"அதான்டி! சத்தமாச் சொல்லுடி, அப்பா நிக்கறாருல்ல?" என்றேன்.

பிள்ளை திடுக்கிட்டு என்னைப் பார்த்தாள். தப்பு செய்து அகப்பட்டவள் மாதிரி அந்த விரலை மடக்கிப் பாவாடைக்குள் ஒளித்துக்கொண்டாள்.

கீழே பஸ் வந்து நின்றது. ஜெகதீஸ்வரி இறங்கினாள். மரத்தடியில் புதுச்சட்டையோடு கையை நீட்டிக்கொண்டு நிற்கிறவரைப் பார்த்தாள். பையைப் போட்டுவிட்டு ஓடிவந்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.